கறுப்புக் கல்லில் பிறந்த வெள்ளை

அகதி விடுதியின் சுவரும், மருத்துவமனையின் கூரையும், நாம் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்தின் தாளும், காலையில் பல் துலக்கும் பசையும் வெண்ணிறமாக இருப்பதை நாம் இயல்பானதாகவே கொள்கிறோம். அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய உலகின் செயற்கை வெண்மையில் மிகப் பெரும்பகுதி ஒரே பொருளால் ஆனது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்று ஈழத்திலும், டைட்டானியம் டை ஆக்சைடு என்று தமிழகத்திலும் நாம் படித்த தூள்தான் அது. அதனைத் தொழில் முறையில் முதன்முதலாக உற்பத்தி செய்த இடங்களுள் ஒன்று, நம்மவர் பலர் இன்று வாழும் நோர்வேயின் தென்கிழக்கு மூலையில், குளொம்மா ஆறு கடலிற் கலக்கும் பிரெட்றிக்ஸ்ராட் நகரில் அமைந்துள்ளது. அந்த ஆலையின் வரலாறு நமக்கும் சில செய்திகளைச் சொல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெள்ளை என்றால் ஈய வெள்ளை என்பதே பொருள். ஈயம் நஞ்சு. அதனை அரைத்தவர்களும் சுவரிற் பூசியவர்களும் தாங்கமுடியாத வயிற்றுவலிக்கும், கைகால் முடக்கத்துக்கும், மனநிலைக் குலைவுக்கும் ஆளாயினர். கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்றைச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1921 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. தொழிலாளரைக் கொல்லாத ஒரு வெள்ளை உலகுக்குத் தேவைப்பட்டது.

அந்த வெள்ளை கறுப்புக்குள் ஒளிந்திருந்தது. 1791 இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியில், வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் ஓர் ஓடையின் கறுப்பு மணலை ஆராய்ந்து, அதில் இரும்போடு இன்னொரு புதிய உலோகமும் கலந்திருப்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகளின் பின் ஜேர்மன் வேதியியலாளர் கிளப்ரொத் அதே உலோகத்தை வேறொரு கனிமத்தில் கண்டு, கிரேக்கப் புராணத்தின் தைத்தான்களை நினைந்து அதற்குப் பெயரிட்டார். எனினும் அது தொழிலுக்குப் பயன்பட நூறாண்டுக்கு மேலாயிற்று.

நோர்வேயின் தென்மேற்கில் சொக்ண்டால் பகுதியின் மலைகளில் இல்மனைற் என்னும் கருங்கனிமம் நிறைந்திருக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் பிணைந்த அக்கல்லை இரும்புக்காக உருக்க முயன்றவர்களுக்குத் தைத்தேனியம் ஒரு தொல்லையாகவே இருந்தது. 1908 ஆம் ஆண்டளவில் பேடர் பாரூப், குஸ்ராவ் யெப்சன் என்னும் இரு நோர்வேஜிய வேதியியலாளர்கள் அத்தொல்லையையே செல்வமாக்க முற்பட்டனர். அவர்களது ஆய்வின் பயனாக 1916 இல் தித்தான் நிறுவனம் தோன்றியது. பிரெட்றிக்ஸ்ராட்டில் ஆலை எழுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் நயாகராவிலும் வேறு சிலர் தனியாக இதே முடிவை எட்டியிருந்தனர்.

ஆலையில் நிகழ்வது இதுவே. கருங்கல்லை மாவாக அரைத்துச் செறிந்த சல்பூரிக் அமிலத்திற் கரைக்கின்றனர். இரும்பின் பெரும்பகுதியைப் பச்சை நிறப் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கின்றனர். எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைக்க, வெண்ணிற வண்டல் படிகிறது. அதனைக் கழுவி, சுழலும் உலையில் ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்திற் சுட்டு, மீண்டும் நுண்தூளாக அரைக்கின்றனர். தொடக்க காலத்தில் இத்தூளைப் பேரியம் சல்பேற்றுடன் கலந்தே விற்றனர். தூய தூள் பின்னர் வந்தது. அதன் ஒரு வகை ஒளியை வைரத்தைக் காட்டிலும் அதிகமாக வளைத்துச் சிதறடிக்கிறது. ஆகையால் மெல்லிய பூச்சே பழைய சுவரின் கறையை மறைத்துவிடும். அதில் ஈயத்தின் நஞ்சும் இல்லை.

இவ்வெற்றியைக் கூர்ந்து கவனித்தவர்களுள் ஈயத்தால் வாழ்ந்தவர்களும் இருந்தனர். 1920களில் பிரெட்றிக்ஸ்ராட் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது, பெயரிலேயே ஈயத்தைத் தாங்கிய அமெரிக்காவின் நாஷனல் லெட் நிறுவனம். இவ்வாறு நோர்வேயின் கல்லும் நோர்வேயின் அறிவும் அந்நிய முதலின் கைக்குச் சென்றன. ஆயினும் ஆலை அங்கேயே நின்றது. குரோனொஸ் என்னும் பெயரில் தலைமுறை தலைமுறையாக வேலையும் கொடுத்தது.

இனி இக்கதையின் மறுபக்கம். ஒரு தொன் வெள்ளைத் தூளுக்குப் பல தொன் நீர்த்த அமிலமும் இரும்புக் கழிவும் எஞ்சுகின்றன. பல பத்தாண்டுகளாக அவை குளொம்மாவின் கழிமுகத்துக்கே சென்றன. நீர் செந்நிறமானது. கல் வெட்டிய இடத்திலும் நிலை வேறன்று. தெல்னெஸ் திறந்தவெளிச் சுரங்கம் 1960 இல் தொடங்கியதிலிருந்து, கனிமம் நீக்கிய அரைகல் மில்லியன் கணக்கான தொன்களாக யொஸ்ஸிங் பியோர்ட் என்னும் ஒடுங்கிய கடல்நுழைவிற் கொட்டப்பட்டது. அது நிரம்பிவர, 1984 முதல் வெளிக்கடலின் ஆழத்திற் கொட்டினர். மீனவரும் சுற்றுச்சூழல் இளைஞரும் எதிர்த்து நின்றனர். 1994 இலேயே கழிவு தரைக்கு மாறியது.

கழிவைச் சுமப்பவர் ஆலையின் அயலவர்தாம் என்பதும் இல்லை. இத்தாலியின் ஸ்கார்லினோவில் மொன்ரெடிசன் நிறுவனம் நடத்திய இதே வகை ஆலை, 1972 முதல் தன் செந்நிறக் கழிவைக் கப்பலில் ஏற்றிக் கோர்சிக்காத் தீவின் வடக்கே கடலில் ஊற்றியது. அந்த ஆலையால் ஒரு வேலைவாய்ப்பும் பெறாத கோர்சிக்கா மீனவர்கள் கொதித்தெழுந்தனர். 1973 இல் பஸ்ரியா நகரில் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தனர். அவ்வாண்டு கழிவுக் கப்பலொன்று குண்டுவைத்துச் சேதப்படுத்தப்பட்டது. இத்தாலிய நீதிமன்றம் 1974 இல் ஆலையின் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. 1978 இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் இவ்வொரு தொழிலின் கழிவுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அதன் பின்னரே அமிலத்தை மீட்டு மீளப் பயன்படுத்துவதும், பச்சைப் பளிங்கைக் குடிநீர் சுத்திகரிப்புக்கு விற்பதும் வழக்கமாகப் பரவின. செய்ய முடியாது என்று சொல்லப்பட்டவை, சட்டம் வந்தபின் செய்யக்கூடியவை ஆயின.

இதே கறுப்பு மணல் நம் கரைகளிலும் உண்டு. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அதை அள்ளுகின்றனர். அதற்கு வடக்கே, திருவிதாங்கூர் அரசு தன் மணலைத் தானே வெள்ளையாக்க எண்ணி 1946 இல் நிறுவிய ஆலை, 1951 இல் திருவனந்தபுரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. மணலின் மதிப்பு அந்த மண்ணிலேயே பெருகியது. அமிலக் கழிவும் அந்தக் கடலிலேயே கலந்தது.

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில் உள்ள புல்மோட்டையின் கதை வேறு. இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவை உலகிலேயே மிகச் செறிவாகக் கிடக்கும் கரைகளுள் அது ஒன்று. 1957 இல் அமைக்கப்பட்ட அரச கூட்டுத்தாபனம் மணலைப் பிரித்துக் கப்பலேற்றியது. வெள்ளைத் தூளாக மாறும்போது பல மடங்கு விலைபெறும் அம்மணல், மணலாகவே போயிற்று. 1984 இன் இறுதியில் அயலிலுள்ள கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஊர் திரும்ப முடியாதிருந்தனர். 1997 செப்டம்பரில் அங்கு இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்னும் வெளிநாட்டுக் கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. மாலுமிகள் உயிரிழந்தனர். மணலுக்காக வந்த அந்நியரும் அக்கரையிற் பலியாயினர்.

ஆகவே ஒரு வேதியியல் ஆலையைப் பற்றி நாம் மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கல் யாருடையது? ஆதாயம் யாருக்கு? கழிவு யார் வாசலில்? பிரெட்றிக்ஸ்ராட்டின் மக்கள் மூன்றையும் கேட்டுப் பாதி விடையேனும் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவர்களுக்கு ஊர் இருந்தது, வாக்கு இருந்தது, நீதிமன்றம் இருந்தது. புல்மோட்டைக் கரையில் என்றேனும் ஓர் ஆலை எழுமாயின் அது நன்மையா தீமையா என்பதை இங்கிருந்து நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் அக்கேள்விகளைக் கேட்கும் உரிமை, அக்கரையில் வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும், வெளியேற்றப்பட்டுத் திரும்பியோருக்கும் முதலில் உரியது.

இன்றிரவு வீடு திரும்பி விளக்கை ஏற்றும்போது எதிரே தெரியும் வெள்ளைச் சுவரை ஒரு கணம் பாருங்கள். அதற்குள் எங்கோ ஒரு கரையின் கறுப்பு மணல் இருக்கிறது. அது நம் கரையின் மணலாகவும் இருக்கக்கூடும்.