மண் வீடு கரையுமா?



"மண் வீடா? ஒரு மழைக்குக் கரைந்துவிடுமே!" என்று நினைக்கிறீர்களா? ஏமன் நாட்டில் ஷிபாம் என்று ஓர் ஊர். 16ம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஊரில், வெயிலில் காயவைத்த மண் கற்களால் கட்டிய ஏழு மாடி வீடுகள்கூட உண்டு! மண்ணைக் கலக்கும் விதமும், கட்டும் விதமும் தெரிந்தால் மண் வீடு உறுதியாக நிற்கும்.

நம் காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கிறது. ஆறு கொண்டுவந்த களிமண், அறுவடை முடிந்த வயலில் வைக்கோல், வரப்போரம் பனைமரம் என்று வீடு கட்டத் தேவையானவை எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். அந்தக் காலத்தில் பலரும் இவற்றை வைத்தே வீடு கட்டினார்கள்.

எதற்கு என்ன வேலை?

களிமண் பசைபோல் ஒட்டும். ஆனால், தனியாக இருந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான்.

மணல் சுருங்காது. அதனால் வெடிப்பைக் குறைக்கும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம்; அதில் உப்பு இருக்கும்.

வைக்கோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மரத்தூணும் உத்தரமும் கூரையைத் தாங்கும். கட்டு இறுக்கமாக இருப்பது முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனை கூரைகளைப் பிய்த்து எறிந்தது, தெரியுமா?

மண் சுவரின் எதிரி

தண்ணீர்தான் எதிரி! 2008ல் வந்த வெள்ளத்தில் ஷிபாமின் வீடுகளும் சேதமடைந்தன. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அதனால், கல் அல்லது சுட்ட செங்கல்லால் அடித்தளத்தை உயர்த்தி, அதன்மேல்தான் மண் சுவர் எழுப்ப வேண்டும். கூரை சுவரைத் தாண்டி நீண்டிருந்தால், மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழும். வெடிப்பு விழுந்தால் உடனே மண் பூசி மெழுக வேண்டும்.

இதற்கும் பள்ளி உண்டு!

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 'எர்த் இன்ஸ்டிடியூட்' 1989ல் தொடங்கப்பட்டது. பல நாட்டவர் அங்கு வந்து மண் கட்டடக் கலை கற்கிறார்கள். மண்ணுடன் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளையில் சுடத் தேவையில்லை, விறகு மிச்சம்! இத்தகைய கற்களால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992ல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது.

நீங்களும் செய்து பாருங்கள்

பழைய சோப்புப் பெட்டியை அச்சாக வைத்து மூன்று கற்கள் செய்யுங்கள்.

1. களிமண் மட்டும்.
2. ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு மணல்.
3. அதே கலவையுடன் நறுக்கிய வைக்கோல்.

தண்ணீரை அளவாக விட்டு, நன்றாக மிதித்துப் பிசையுங்கள். நிழலில் ஒரு வாரம் காயட்டும். எது வெடித்தது? கையால் உடைத்தால் எது சீக்கிரம் உடைகிறது? நோட்டில் எழுதுங்கள். மண் எடுக்கப் பெரியவர்களுடன் செல்லுங்கள். ஆற்றங்கரையைத் தோண்டக் கூடாது.

பிறகு அந்தக் கற்களைத் தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். மண் மிதித்துச் சுவர் வைத்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். கைப்பழக்கமாக வந்த அந்தப் பாடத்தை இப்போது கேட்காவிட்டால், பிறகு சொல்லித்தர ஆள் இருக்காது.