லேபிள் இல்லாத ரெசின்: வீட்டில் அலைச்சறுக்குப் பலகை செய்வோர் அறிய வேண்டியவை

செகந்திராபாத் மெட்டுகுடாவிலிருந்து கடல் வெகுதொலைவு என்றாலும், அலைச்சறுக்குப் பலகையைக் கையால் செய்ய விரும்பும் அப்பகுதி இளைஞர் சரக்குக்காகக் கோவளத்துக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போக வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் ரயில் பெட்டியின் உட்பலகைக்கும் மீன்பிடிப் படகுக்கும் பயன்படும் அதே ரெசினும் கண்ணாடி இழைத் துணியுமே பலகைக்கும் தேவைப்படுவதால், நகரத்துத் தொழிற்சரக்குக் கடைகளிலேயே அவை கிடைத்துவிடுகின்றன. ஆனால் பெரிய டின்னிலிருந்து சிறு பாட்டிலுக்கு ஊற்றித் தரப்படும் சில்லறைச் சரக்கில் லேபிளும் இருப்பதில்லை, பில்லும் இருப்பதில்லை. உடலுக்கு வரும் ஆபத்தும் சட்ட உரிமை கைநழுவுவதும் அந்த ஒரே பாட்டிலில்தான் தொடங்குகின்றன.

செதுக்கிய நுரைப் பலகையின்மேல் இழைத் துணியை விரித்து, ரெசினை ஊற்றி, ரப்பர்த் தகட்டால் இழுத்து ஊறவைப்பது முதல் வேலை. அது இறுகியபின் நிரப்புப் பூச்சு, உப்புத்தாள் தேய்ப்பு, மெருகுப் பூச்சு என்று வேலை தொடரும். பாலியெஸ்டர் ரெசினில் கரைப்பானாக உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால், தெர்மாகோல் பலகைக்கு எபாக்சி ரெசினே பொருந்தும். எபாக்சியில் வாடை குறைவு என்பது உண்மையே. ஆயினும் அதன் ஹார்ட்னர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் தடிப்பு வரும்.

பாலியெஸ்டரை இறுகச் செய்வது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்னும் திரவம். கடைக்காரர் இதைக் கேட்டலிஸ்ட் என்பார், சிலர் ஹார்ட்னர் என்பார். உடன் தரப்படும் ஊதா நிறக் கோபால்ட் திரவம் அந்த வினையை விரைவுபடுத்துவது. கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்த பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். எது எந்தப் பாட்டில் என்று எழுதியிராத இடத்தில் இந்த எச்சரிக்கைக்குப் பொருளே இல்லை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து பார்வையே போகக்கூடும். சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனை நகரின் மறுகோடியில் மெகிதிப்பட்டினத்தில் இருக்கிறது, அதுவரை கண் காத்திருக்காது. ஆகவே அந்த இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, பாட்டிலின் லேபிளுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேட்டலிஸ்டின் அளவு பொதுவாக ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். ஐதராபாத்தின் மே மாத வெயிலில் அதே அளவு சில நிமிடங்களிலேயே ரெசினை இறுக்கிவிடும். குவளையில் மிஞ்சியது தானே சூடேறிப் புகைந்து எரியவும் கூடும். ஸ்டைரீன் ஆவி ஏறத்தாழ 31 டிகிரி வெப்பத்திலேயே பொறிபட்டால் பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும். எனவே சமையலறைக்கோ இன்வெர்ட்டருக்கோ அருகில் இந்த வேலையே ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. என்-95 முகக்கவசம் தேய்ப்புத் தூளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

நிரப்புப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேராவிட்டால், காற்றுப்படும் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். முதன்முறை செய்பவர் இதைக் கேட்டலிஸ்ட் குறைவு என்று கருதி அடுத்த பூச்சில் இரு மடங்கு ஊற்றுவது வழக்கமான தவறு. சரக்கோடு பயன்பாட்டுக் குறிப்பு தரப்பட்டிருந்தால் இது நேராது.

அந்தக் குறிப்பைத் தருவது விற்பவரின் பெருந்தன்மை அன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டம், தவறாகப் பயன்படுத்தப்பட்ட பொருளுக்காக விற்பனையாளர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும் சொல்வதால், அளவையும் கலந்த முறையையும் குறித்து வைப்பது அவசியம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவரின் வழி வேறு, அவர் தொழிலாளர் துறையை நாட வேண்டும்.

முறையீட்டை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அங்கே தீராவிட்டால், வாங்கிய ஊர் எதுவாயினும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கு உரிய காலவரம்பு 2 ஆண்டு. பில்லையும் லேபிளையும் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. இரண்டையும் தர மறுக்கும் கடையில் கேட்டலிஸ்ட் வாங்கக் கூடாது.