விளக்குக்கு எந்தக் கம்பி?

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பந்தலின் ஓரத்தில் இழுத்துக் கட்டும் கம்பி பருமனானது. நடுவே குறுக்காகப் பின்னும் கம்பி மெல்லியது. கொடியும் குலையும் சேர்ந்து எவ்வளவு கனக்கும் என்று முன்னதாக எண்ணிப் பார்த்தே குடியானவர் கம்பி வாங்குகிறார். பந்தலுக்கு இவ்வளவு யோசனை செய்யும் நாம், வீட்டுச் சுவரில் ஓடும் மின்சாரக் கம்பியைப் பற்றி மாத்திரம், "ஏதோ ஒன்று போடுங்கள், விளக்கு எரிந்தால் சரி" என்று சொல்லிவிடுகிறோம்!

என் வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறேன். நான்கு பல்புகளும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்தில் போட்ட கம்பி. ஒரு மார்கழிக் காலையில், விளக்குக்கென்று ஏற்பட்ட அந்தக் கம்பியிலேயே தண்ணீர் காய்ச்சும் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒருங்கே மாட்டியிருந்தார்கள். ஹீட்டர் 1,500 வாட். பெட்டி 1,000 வாட். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 ஆம்பியர். சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது. சுவரில் கை வைத்தால் சுட்டது. ஆனால் ப்யூஸ் போகவில்லை. "எங்கள் வீட்டில் ப்யூஸ் போனதே கிடையாது" என்று நான் பெருமை பேசியதுண்டு. திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. யாரோ ஒருவர் ப்யூஸ் கம்பிக்குப் பதிலாகப் பருத்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். நல்ல வேளை, குழந்தைகள் விழித்திருந்த நேரம்!

உண்மையில் விளக்குகளால் கம்பிக்கு ஒரு சிரமமும் இல்லை. 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்து சேர்ந்து எரிந்தாலும் அரை ஆம்பியர் ஆகாது. ஆபத்தெல்லாம் விளக்குக் கம்பியில் நாம் பிற்பாடு தொங்கவிடும் சுமைகளால்தான். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்புகளோ எல்லாவற்றுக்கும் முன்னால் சுடும்.

ஆகையால் விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுங்கள். அதற்குக் காவலாக 6 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 16 ஆம்பியர் ப்ளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரில் தனிக் கம்பி வேண்டும். ஏர்கண்டிஷனர் போன்ற பெருஞ்சுமைக்கு 4 சதுர மில்லிமீட்டர் நலம். கம்பியின் மேலுறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பச்சை நிறமான எர்த் கம்பியை மிச்சம் பிடிக்கவே வேண்டாம்; உயிர் காப்பது அதுதான். வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு: கம்பி தாங்கும் அளவை விடக் காவலின் அளவு குறைவாகவே இருக்க வேண்டும். நம் பள்ளத்தாக்குக்கு இது புதிதல்ல. பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்த நாள் முதல், வாய்க்காலின் அகலம் அறிந்து மடை திறக்கப் பழகியவர்கள் நாம். 1958 முதல் லோயர் காம்பில் அதே நீர் மின்சாரமாகவும் மாறி வருகிறது. நீருக்குக் கற்ற பாடத்தை மின்சாரத்துக்கும் வைத்துக் கொண்டால், இரவில் வீட்டார் நிம்மதியாக உறங்கலாம்.