தோல் என்னும் மதில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பிலே ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் இருந்தான். பங்குனி வெயிலிலும் நீளக்கைச் சட்டையே அணிந்து வருவான். அவன் அமர்ந்த வாங்கில் ஏனைய மாணவர் அமர மறுத்தனர். காரணம் வினாவியபோது, அவன் முழங்கை மடிப்புகளிற் படர்ந்திருந்த கரப்பானைச் சுட்டிக் காட்டினர். யானோ, ஆசிரியன் என்னும் உரிமையால், "தம்பி, நாள்தோறும் சவர்க்காரமிட்டு நன்றாகத் தேய்த்துக் குளி, எல்லாம் மாறிவிடும்" என்று அறிவுரை பகர்ந்தேன். சொல் தட்டாத பிள்ளை அவ்வாறே செய்தான். அடுத்த கிழமை அவன் சட்டைக் கையிற் குருதிக் கறை கண்டேன். யான் இழைத்த பிழை யாதென அறிய முற்பட்டதன் பயனே இக்கட்டுரை.

தோல் உடம்பை மூடிய வெறும் போர்வையன்று. அஃது ஒரு மதில். மேற்றோலின் அடியிலே பிறக்கும் கலங்கள் மெல்ல மெல்ல மேலெழுந்து, தட்டையாகி, உயிர்நீத்து, ஈற்றில் உதிர்கின்றன. இவ்வாறு இறந்த கலங்கள் ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்குகளாய் நெருங்கிக் கிடக்கும் மேற்படையே அம்மதில். உடலின் பல பகுதிகளில் அதன் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பினும் குறைவு. கலங்களைச் செங்கற்களாகவும், அவற்றிடையே செறிந்த செரமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் ஆகியவற்றைச் சாந்தாகவும் அறிஞர் உவமிப்பர். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள நுண்ணுயிரும் தூசும் உட்புகாமலும் காப்பது இம்மதிலே.

செங்கல்லுக்கு வலிமை தருவது கெரற்றின் என்னும் நார்ப்புரதம். அந்நார்களைக் கட்டுக்கட்டாகத் திரட்டும் மற்றொரு புரதத்துக்கு 1981 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் பிலகிறின் என்று பெயரிட்டனர். இழைகளைத் திரட்டுவது என்பதே அப்பெயரின் கருத்து. அதன் பணி அவ்வளவில் முடிவதில்லை. மேற்படையை அடைந்தபின் பிலகிறின் அமினோவமிலங்களாகச் சிதைகின்றது. அவையும் அவற்றிலிருந்து தோன்றும் பொருள்களும் நீரைப் பற்றி வைத்துத் தோலை மென்மையாக்குகின்றன. தோலின் மேற்பரப்பைச் சிறிதளவு அமிலத்தன்மையுடையதாக வைத்திருக்கவும் துணைபுரிகின்றன. தான் அழிந்தும் பிறர்க்குப் பயன்படும் சான்றோரை இப்புரதம் நினைவூட்டுகின்றது!

இப்புரதத்தை ஆக்குதற்கான கட்டளை முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் அமைந்துள்ளது. ஸ்கொட்லாந்து நாட்டின் டண்டீப் பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2006 ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டனர். அப்பரம்பரையலகிற் பழுது நேரின் பிலகிறின் குறைகின்றது. தோல் மீன் செதிள் போல் வறண்டு உரிகின்றது. கரப்பான் தோன்றும் வாய்ப்பும் மிகுகின்றது. ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இத்தகைய பழுதைத் தாங்கியுள்ளனர். ஜப்பான், சீனம் முதலிய நாட்டு மக்களிடையே வேறு வகைப் பழுதுகள் காணப்பட்டுள்ளன.

மதில் பழுதுற்றால் நிகழ்வது யாது? நீர் ஆவியாகித் தோல் வறள்கின்றது. வெளிப்பொருள்கள் உட்புக, உடலின் காவற்படை கிளர்ந்தெழுகின்றது. தோல் சிவந்து தினவெடுக்கின்றது. சொறியச் சொறிய மதில் மேலும் இடிகின்றது. அவ்விடைவெளியிற் பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. இஃது ஒரு நச்சுச் சுழல். எனினும், பழுதைத் தாங்கிய யாவர்க்கும் கரப்பான் வருவதில்லை. கரப்பானுற்ற யாவரிடத்தும் அப்பழுது இருப்பதுமில்லை. காவற்படையின் இயல்பும் சூழலும் உடன்சேர்ந்தே நோயை விளைக்கின்றன.

இனி என் பிழைக்கு வருவோம். சவர்க்காரம் காரத்தன்மையுடையது. அது சாந்தாகிய கொழுப்பைக் கரைத்துத் தோலின் அமிலத்தன்மையைக் கெடுக்கின்றது. இடிந்த மதிலை மேலும் இடிக்கும் கருவியையே யான் அப்பிள்ளையின் கையிற் கொடுத்தேன். குளிப்பது தவறன்று, தேய்த்துக் கழுவுவதே தவறு. குளித்தவுடன், ஈரம் உலருமுன்னே, மணமற்ற களிம்பைப் பூசுதல் நன்று. வீக்கந் தணிக்க மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்ன அளவிலே பூசவேண்டும். நீர் வடிந்தால் அல்லது சீழ் கட்டினால் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

களிம்பு வந்த நோயைத் தணிக்குமேயன்றி வருமுன் தடுக்குமெனக் கொள்ளற்க. ஐக்கிய இராச்சியத்தில் 1394 குழந்தைகளிடையே நிகழ்த்தி 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பிறந்தது முதல் ஓராண்டு நாள்தோறும் களிம்பு பூசப்பட்டோருள் நூற்றுக்கு 23 பேருக்கும், பூசப்படாதோருள் 25 பேருக்கும் இரண்டு வயதிற் கரப்பான் காணப்பட்டது. இது பெரும் வேறுபாடன்று. ஆதலால், "தாய் கவனியாததால் வந்தது" என்று பழிப்பதற்கும் இடமில்லை.

மாணவர்காள்! கரப்பான் அழுக்கினால் வருவதன்று; தொடுவதால் ஒட்டுவதுமன்று. இவ்வுண்மையைக் கற்ற மறுநாள் அம்மாணவனின் தந்தையாரைக் கண்டு என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். "ஐயா, பிள்ளைக்குத் தினவைவிட அந்த வெறும் வாங்குதான் அதிகம் நொந்தது" என்றார். அன்று பாடவேளை முழுவதும் அவ்வாங்கிலே அவனருகில் அமர்ந்து பாடம் நடத்தினேன். அடுத்த பாடவேளையில் எனது இடத்தில் ஒரு மாணவன் வந்து அமர்ந்தான்.