உங்களுக்குத் தெரியுமா? குறைமாதக் குழந்தை ஏன் சாப்பிட மறுக்கிறது?

● 37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. கருவிலேயே அது விரல் சூப்பும். ஆனால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒழுங்காகச் சேர்வது சுமார் 32 முதல் 34 வாரத்தில்தான் தொடங்கும். அதுவரை பெரும்பாலும் டியூப் வழியேதான் பால்.

● கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்புத் திட்டு பால் உறிஞ்ச உதவுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அது திரளும். அது போதாத குழந்தை நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடும்.

● குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும்.

● பாட்டி காலத்துப் பாலாடை (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) இன்று பச்சிளங்குழந்தை வார்டிலும் உண்டு. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் நுனியை உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவார்கள். ஒரு வாய் உள்ளே இறங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும்.

● குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் ‘கங்காரு’ முறை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இங்க்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே கொண்டுவந்த இந்த முறை, தாய்ப்பால் குடிக்கவும் துணை செய்கிறது.

● டியூப், சளி உறிஞ்சும் குழாய், கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி என்று பிறந்ததிலிருந்தே வாயைச் சுற்றித் தொந்தரவுதான். அதனால் சில குழந்தைகள் ஒரு வயதுக்குப் பிறகும் ஸ்பூனைக் கண்டதும் முகத்தைத் திருப்பும். மசியாத ஒரு பருக்கை நாக்கில் பட்டாலே உமட்டும்.

● வயதைக் கணக்கிடுவதிலும் கழித்தல் உண்டு. 32 வாரத்தில் பிறந்திருந்தால், 40 வாரத்துக்குக் குறைந்த 8 வாரத்தைக் கழிக்க வேண்டும். பிறந்து 6 மாதமான குழந்தைக்குத் திருத்திய வயது சுமார் 4 மாதம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இட்லி சாப்பிடுகிறதே என்று ஒப்பிட வேண்டாம். திட உணவை எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

● பால் குடிக்கும்போது அடிக்கடி இருமல், உதடு நீலமாவது, எடை ஏறாமை இருந்தால் தாமதிக்கக் கூடாது. விழுங்கும் சிக்கலுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்களும் சிகிச்சை தருகிறார்கள். கையைக் காலைப் பிடித்து வாயில் திணிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், பயம்தான் கூடும்.