உங்களுக்குத் தெரியுமா? பைக்குள் பிடித்த காற்றுக்கும் கெடு உண்டு

ஆலைப் பக்கம் நாற்றம் வீசும்போது பிடித்த காற்று, ஆய்வகம் போய்ச் சேரும்வரை அப்படியே இருக்காது. பென்சீன், டொலுயீன் போன்ற எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுவர் வழியே மெல்லக் கசியவும் செய்யும். அதனால் டெட்லர் என்னும் பிளாஸ்டிக் பையில் பிடித்த காற்றை 3 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களுக்கோ 24 மணி நேரம்தான்.

பையை ஃபிரிட்ஜில் வைத்தால் நல்லது என்று தோன்றும். வைக்கவே கூடாது! காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படிந்து, வேதிப்பொருளையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். வெயிலும் ஆகாது. பையை முழுக்க நிரப்பவும் கூடாது. விமானத்தில் சுற்றழுத்தம் குறையும்போது உப்பிய பை வெடித்துவிடலாம். உள்சுவரைப் பக்குவப்படுத்திய எஃகுக் கலனில் பிடித்தால் பல சேர்மங்கள் 30 நாள் வரை தாங்கும். ஆனால் விலை அதிகம்.

2004-இல் கடலூர் சிப்காட் ஆலைகளைச் சுற்றி வாழும் கிராம மக்கள் பையைத்தான் நம்பினார்கள். மூடிய வாளிக்குள் பை இருக்கும். வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று தானே பைக்குள் பாயும். அந்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் வரை போயின.

காற்று மாதிரி எடுப்பவர்களே, பையின் சீட்டில் தேதியோடு மணியையும் தவறாமல் எழுதுங்கள்.