பெற்றவளா குற்றவாளி?

ஆலைத் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். இரவு ஷிப்டு முடித்துப் படுத்திருந்தவர், நம் குரல் கேட்டு எழுந்து வந்தார். மூன்று வயது மகன் தரையிலே சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தோம், திரும்பவில்லை. செவிடோ என்று எண்ணினோம். தெருவிலே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினான். செவிடல்ல!

“ஒன்றரை வயதிலே அம்மா, தண்ணி என்றவன், பிறகு அதையும் விட்டுவிட்டான்” என்றார் தோழர். உள்ளேயிருந்து அவருடைய தாயார் குரல் வந்தது: “புள்ளையத் தூக்கிக் கொஞ்சத் தெரியாதவ வயித்துல பொறந்தா வேற எப்படி இருக்கும்?” அடுப்படியில் நின்ற மருமகள் வாய் திறக்கவில்லை. தோழரும் வாய் திறக்கவில்லை. நம்மை இதை எழுத வைத்தது அந்த இரண்டாவது மௌனந்தான்.

மூதாட்டியை ஏசிப் பயனில்லை. பட்டம் பெற்ற மேதைகளே இதைத்தானே சொன்னார்கள்! 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் என்ற நிலையை உலகுக்கு விளக்கினார். நல்ல பணி. ஆனால் அக்குழந்தைகளின் பெற்றோர் பாசத்தில் வறண்டவர்கள் என்றும் எழுதிவைத்தார். பொறி பற்றிக்கொண்டது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்றொரு பட்டமே பிறந்தது! 1967இல் சிக்காகோவின் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு நூல் எழுதினார். நாஜிகளின் வதைமுகாமிலே கைதியாகக் கிடந்தவர் அவர். இக்குழந்தைகளின் நிலையை அந்தக் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அப்படியானால் அங்கே காவலாளி யார்? பெற்ற தாயா?

எதிர்த்து எழுந்தவர் ஒரு தகப்பன். கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்டு ரிம்லண்டு. தம் மகனுக்கே ஆட்டிசம் இருக்கக் கண்டவர், கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்தார். காரணம் மூளையின் அமைப்பிலே இருக்கிறது, தாயின் மடியிலே அல்ல என்று 1964இலேயே நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் யார் தெரியுமா? அதே கேனர்! 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டத்திலே நின்று, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அவரே அறிவித்தார். 1977இல் இங்கிலாந்தில் இரட்டையர் 21 ஜோடிகளை ஆராய்ந்தனர். உருவொத்த இரட்டையர் 11 ஜோடிகளில், நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புதான் காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது இன்று ஐயமற்ற உண்மை.

தடுப்பூசியால் வந்ததென்று 1998இல் கிளப்பிய புரளியும் அப்படியே பொய்த்தது. அந்தக் கட்டுரையை 2010இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் அரசுத் தாள்களிலே இவர்களைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். நமக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. லாரிச் சத்தத்தைத் தாங்கமாட்டாமல் ஓடிய பிள்ளைக்குப் புற உலகம் எட்டவில்லையா? அளவுக்கு மீறியல்லவா எட்டுகிறது!

ஒன்றரை வயதிலே விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதிலே இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, பேசிய சொல்லை இழந்த பிள்ளை — இவர்களைக் காட்ட வேண்டிய இடம் மந்திரவாதி வீடல்ல. மாவட்டங்களில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன; 2013இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் வந்தவை. கட்டணமில்லை. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து என்று எவன் விற்றாலும் வாங்காதீர். அப்படி ஒன்று இல்லை. பேச்சுப் பயிற்சி உண்டு, விளையாட்டு வழிப் பயிற்சி உண்டு. இளவயதில் தொடங்கினால் பலன் கூடும்.

தோழரிடம் இதையெல்லாம் சொன்னோம். “நாளைக்கே லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகிறேன்” என்றார். போகலாம், முதலில் உள்ளே போய் உம் தாயாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாரும் என்றோம். எழுந்து போனார்.